வாடி நிற்கும் எலுமிச்சைக் கன்று: அதே குழியிலா, வேறு இடத்திலா, தொட்டியிலா, புதுக் கன்றா?

நட்டு நான்கு ஆண்டுகள் ஆகியும் இடுப்புயரத்தைத் தாண்டாத எலுமிச்சைக் கன்று ஒன்று, பெங்களூரு ராமமூர்த்தி நகரில் உள்ள எங்கள் வீட்டின் கிழக்குச் சுற்றுச்சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தது. புதிதாக வரும் இலைகளில் நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்க, இடைப்பட்ட பகுதியெல்லாம் வெளிறிய மஞ்சளாக இருந்தது. முதிர்ந்த இலைகளின் நுனிகள் கருகியிருந்தன. உச்சிக் கிளைகள் இரண்டு காய்ந்து சுள்ளியாகிவிட்டன. இப்படியொரு கன்றை வைத்திருப்பவருக்கு நான்கு வழிகள் உள்ளன. இருக்கும் இடத்திலேயே வைத்துத் தேற்றலாம், பெயர்த்தெடுத்து மனைக்குள்ளேயே வேறு இடத்தில் நடலாம், தொட்டிக்கு மாற்றலாம், பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று வைக்கலாம். கடந்த பிப்ரவரியில் இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய நிலை எனக்கு வந்தது. அப்போது நான் எடை போட்டுப் பார்த்தவற்றை, இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எண்ணி எழுதுகிறேன்.

இந்த நகரத்தில் பெரும்பாலோர் வீடு கட்டியிருப்பது முப்பதுக்கு நாற்பது மனையில். ஆயிரத்து இருநூறு சதுர அடியில் வீடு, வண்டி நிறுத்துமிடம், தரையடித் தண்ணீர்த் தொட்டி எல்லாம் போக, மரத்துக்கு என்று ஒதுக்கக்கூடியது ஒரு குழி, மிஞ்சினால் இரண்டு. ஆகவே பத்து வைத்தால் எட்டு பிழைக்கும் என்ற தோப்புக் கணக்கு இங்கே செல்லாது. இருக்கும் ஒரு கன்றைப் பற்றிய முடிவு சரியாக அமைய வேண்டும். என் கன்று, எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியில் எங்கள் அம்மா வீட்டு மரத்தின் விதையிலிருந்து வளர்ந்தது. இரவுப் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. அதனால் பிடுங்கி எறிவது எனக்கு எளிதான வழியாக இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கன்று வாடினால் எல்லோரும் முதலில் பார்ப்பது இலையை. நானும் இலையின் படத்தைத்தான் அம்மாவுக்கு அனுப்பினேன். அவர் தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்று: "எலையப் பாத்து என்னய்யா செய்யப்போற? தூரைத் தோண்டிப் பாரு மொதல்ல." அன்று மாலையே சிறு கொத்தால் தண்டைச் சுற்றி மண்ணை விலக்கினேன். இரண்டு விரல் ஆழத்திலேயே வேர் பிரியும் இடம் தென்பட்டிருக்க வேண்டும். நான்கு விரல் போயும் தண்டுதான் வந்தது. ஆண்டுதோறும் எருவும் சருகும் போட்டுப் போட்டு, தண்டின் கழுத்தையே மண்ணுக்குள் புதைத்திருக்கிறேன். ஈரம் நிற்கும் அந்தப் பகுதியில் பட்டை கருத்து, நகத்தால் அழுத்தினால் உள்ளே போகும் அளவுக்கு மெத்தென்று ஆகியிருந்தது. அதற்குச் சற்று மேலே, தேன் நிறத்தில் இரண்டு துளிப் பிசின் உறைந்திருந்தது. எலுமிச்சை இனத்தின் கழுத்தழுகலுக்கு இதுவே தெளிவான அடையாளம். பைட்டாப்தோரா என்னும் பூசணம் ஈரமண்ணில் இருந்து பட்டைக்குள் புகுந்து, இலைகள் செய்த உணவு வேருக்கு இறங்கும் வழியை அடைத்துவிடுகிறது. வேர் பட்டினி கிடக்கிறது, இலை மஞ்சளாகிறது, நாம் இலைக்கு உரம் தேடுகிறோம்.

நான்கு வழிகளில் எது உகந்தது என்பதை முடிவு செய்வது இந்தக் கழுத்தின் நிலைதான் என்பது என் கருத்து. கூர்மையான கத்தியால் அழுகிய பட்டையை மெல்லச் சீவிக்கொண்டே போக வேண்டும். பழுப்பு முடிந்து பசுமை கலந்த வெண்மை தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். அழுகல் தண்டின் சுற்றளவில் பாதிக்கும் குறைவாக இருந்தால் கன்றைக் காப்பாற்ற முயல்வதில் பொருள் உண்டு. முக்கால் சுற்றும் போயிருந்தால் எந்த இடத்துக்கு மாற்றினாலும் அது நாள் கடத்துவதாகவே முடியும். என் கன்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. அடுத்து, மேல்மண்ணில் ஓடும் சல்லிவேர் இரண்டைக் கையில் எடுத்து உருவிப் பார்த்தேன். மேல்தோல் கழன்று நூல் போன்ற நடுப்பகுதி மட்டும் கையில் நின்றால் அந்த வேர் இறந்துவிட்டது. ஒன்று அப்படிக் கழன்றது, மற்றொன்று வெள்ளையாக உறுதியாக இருந்தது.

இலையும் பொய் சொல்வதில்லை, ஆனால் அது சொல்வதை வரிசைப்படி கேட்க வேண்டும். புதிய இலை நரம்பு தவிர மஞ்சளானால் இரும்புச் சத்து கிடைக்கவில்லை. இலைகள் குறுகிச் சிறுத்து, திட்டுத் திட்டாக வெளிறினால் துத்தநாகம். முதிர்ந்த இலையில் காம்பின் பக்கம் மட்டும் முக்கோணமாகப் பச்சை மிஞ்சினால் மெக்னீசியம். முதிர்ந்த இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்து. நடுநரம்பின் இடப்பக்கம் ஒரு விதமாகவும் வலப்பக்கம் வேறு விதமாகவும் ஒழுங்கற்ற மஞ்சள் திட்டுகள் தோன்றினால் அது சத்துக்குறையாக இல்லாமல், சிட்ரஸ் கிரீனிங் என்னும் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. உறுதியானால் மற்ற மூன்று வழிகளையும் மறந்துவிட்டு மரத்தை அகற்றுவதே சரி. இலையில் வெள்ளிக் கம்பி இழுத்தாற்போல வளைந்து செல்லும் கோடுகளைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். அது இலைத்துளைப்பானின் வேலை; தளிரை மட்டுமே தாக்கும்; அதற்காக ஒரு கன்றைக் கைவிட வேண்டியதில்லை.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது இடம். நான் கழுத்தைத் தோண்டிய இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒரு அடி ஆழத்துக்குக் குழி எடுத்தேன். மேலே முக்கால் அடி நல்ல செம்மண். அதன் கீழே ஜல்லி, உடைந்த செங்கல், வெள்ளையாகத் திரண்ட சிமென்ட் காரை. வீடு கட்டியபோது மிஞ்சிய கழிவையெல்லாம் சுவரோரத்தில் தள்ளி மேலே மண் போட்டு மூடியிருக்கிறார்கள். சமையலறையிலிருந்து ஒரு எலுமிச்சம் பழத்தை எடுத்துவந்து அந்தக் காரைக் கட்டியின் மேல் பிழிந்தேன். சாறு பட்ட இடமெல்லாம் சிறு சிறு குமிழ்களாகப் பொங்கி நுரைத்தது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண் அப்படித்தான் நுரைக்கும். அத்தகைய மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. பெங்களூரின் செம்மண்ணுக்கு இரும்பு புதிதன்று, அதன் நிறமே இரும்பால் வந்தது. அந்த மண்ணில் நின்றுகொண்டு ஒரு செடி இரும்புக்கு ஏங்குகிறது என்றால், குறை நாம் கொண்டுவந்து கொட்டிய காரையிலும் ஊற்றும் நீரிலும் இருக்கிறது. குழியில் நீர் நிரப்பி வடியவிட்டு, இரண்டாம் முறை நிரப்பி மணி பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்கியது. வடிகால் பரவாயில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வெயிலைக் கணக்கெடுத்தேன். பக்கத்து மனையில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுந்த மூன்றாம் தளம் காலை ஒன்பதரை வரை மறைக்கிறது. பன்னிரண்டரைக்குப் பின் எங்கள் வீடே மறைக்கிறது. மூன்று மணி நேர வெயில்தான் கன்றுக்குக் கிடைக்கிறது. எலுமிச்சைக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும்.

இத்தனையும் தெரிந்த பிறகு வழிகளை ஒப்பிடலாம்.

இருக்கும் இடத்திலேயே தேற்றுவது என்பது, நான்கிலும் வேருக்கு மிகக் குறைந்த துன்பம் தரும் வழி. நலிந்த கன்றுக்கு வேர்தான் கடைசி மூலதனம். அதைத் தொடாமல் மற்றதைச் சரிசெய்ய முடிந்தால் அதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும். இதில் செய்ய வேண்டியவை பெரும்பாலும் விலக்கும் வேலைகள். கழுத்தைச் சுற்றிய மண்ணை வேர் பிரியும் இடம் வெளியே தெரியும்வரை விலக்க வேண்டும். மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும். தண்டில் நீர் படாதபடி இரட்டை வட்டப்பாத்தி அமைக்க வேண்டும். உள்வட்டம் தண்டைச் சுற்றிய மண்ணணை, வெளிவட்டம் கிளை நுனிகளுக்கு நேர் கீழே. இரண்டுக்கும் நடுவே மட்டும் நீர் நிற்க வேண்டும். எலுமிச்சையின் உணவு எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மேல்மட்ட ஒன்றரை அடிக்குள் பரவியிருப்பதால் அந்த வளையத்தில் விடும் நீர் வீணாவதில்லை.

சீவிய புண்ணுக்குப் போர்டோ பசை பூச வேண்டும். மயில்துத்தம் எனப்படும் காப்பர் சல்பேட் நூறு கிராமை அரை லிட்டர் நீரிலும், நூறு கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, பிறகு இரண்டையும் சேர்த்துக் கலக்கினால் வானநீலத்தில் கூழ் போன்ற பசை கிடைக்கும். இரும்பு, அலுமினியப் பாத்திரங்கள் இதற்கு ஆகா. பசை சரியாக அமைந்ததா என்று பார்க்கத் துருவில்லாத ஓர் ஆணியை ஒரு நிமிடம் நனைத்து எடுக்க வேண்டும். ஆணி செந்நிறம் பூத்தால் துத்தம் மிகுதி, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். எனக்கு முதல் முறை ஆணி செம்புக் காசு போல ஆகிவிட்டது. மூன்றாம் முறைதான் நிறம் மாறாமல் வந்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் பூசினால் மருந்தே பட்டையைச் சுட்டுவிடும். பசையில் உள்ள சுண்ணாம்பு மண்ணைக் கெடுக்குமோ என்று கவலைப்பட வேண்டாம். தண்டில் ஒட்டும் அளவு மிகச் சிறியது.

இரும்புக் குறைக்கு, லிட்டருக்கு இரண்டரை கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) சில துளி எலுமிச்சைச் சாறும் கலந்து மாலையில் தளிர்களின் மேல் தெளிக்கலாம். சாற்றின் புளிப்பு, இரும்பு பழுப்பாக மாறி வீணாவதைத் தடுக்கிறது. அன்னபேதியை மண்ணில் போடுவதால் பயன் குறைவு. சுண்ணாம்பு மண் அதைச் சில நாட்களில் பூட்டிவிடும். மண்ணில்தான் இட வேண்டும் என்றால் இ.டி.டி.ஹெச்.ஏ. வகை இரும்புக் கூட்டு வேண்டும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை இந்த மண்ணில் தாங்காது. விலை குறைவு என்று அதை வாங்கி ஏமாற வேண்டாம். பல நுண்ணூட்டங்களும் சேர்ந்ததாக வேண்டுமானால், ஹேசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் எலுமிச்சை இனத்துக்கென்றே உருவாக்கிய சிட்ரஸ் ஸ்பெஷல் கலவை இருக்கிறது. பொட்டலத்தில் சொன்ன அளவில் தெளித்தால் போதும். தழைச்சத்து உரத்தை மட்டும் இப்போது கொடுக்கக் கூடாது. வேர் தேறாமல் தளிர் மட்டும் கிளம்பினால் அந்தச் செலவையும் வேர்தான் தாங்க வேண்டியிருக்கும்.

நீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீரை வாளியில் பிடித்து வைத்தால் மறுநாள் விளிம்பில் வெள்ளைக் கோடு விழும். அது சுண்ணாம்பு; மண்ணிலும் அதுவே படிகிறது. இலை நுனி கருகுவதற்கும் அந்த நீரின் உப்பு ஒரு காரணம். அதைவிடத் தீங்கானது, குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் கழிவாக வெளியேற்றும் நீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுவது. நானும் இரண்டு ஆண்டுகள் அதைச் செய்திருக்கிறேன். நல்ல எண்ணம்தான், ஆனால் மூல நீரில் இருந்த உப்பெல்லாம் செறிந்து வரும் நீர் அது. காவேரி நீர் மென்மையானது. மழைநீர் எல்லாவற்றிலும் மேலானது. கூரையில் விழும் முதல் மழையைக் கழித்துவிட்டு அடுத்த மழையை ஒரு பீப்பாயில் பிடித்து வைத்தால், இளங்கன்று ஒன்றுக்கு வாரக் கணக்கில் வரும்.

இத்தனை நன்மைகள் இருந்தும் இந்த வழியால் தீர்க்க முடியாதவை இரண்டு: நிழல், அடிமண்ணில் கிடக்கும் காரை. இவை இரண்டும் இல்லாத இடத்தில் கன்று நின்றால், மேற்கொண்டு படிக்கவே தேவையில்லை. இடத்தை மாற்றாமல் ஓராண்டு பொறுத்திருங்கள். இவற்றில் ஒன்றாவது இருந்தால், இங்கேயே தேற்றுவது முதலுதவியாக அமையுமே தவிர முழு மருத்துவமாகாது.

இடம் மாற்றுவது அந்தக் குறையை வேரோடு நீக்கும் வழி, ஆனால் நான்கிலும் இடர் மிகுந்தது இதுதான். கன்றைப் பெயர்க்கும்போது எவ்வளவு கவனமாக இருந்தாலும் சல்லிவேர்களில் பெரும்பகுதி அறுந்துபோகும். ஏற்கெனவே பாதி வேரை இழந்த கன்றுக்கு மீதியையும் அறுத்தால் என்ன ஆகும் என்பதை யாரும் ஊகிக்கலாம். ஆகவே இந்த வழியைத் தேர்ந்தெடுப்பதும் எப்போது செய்வது என்பதும் ஒரே முடிவாக இருக்க வேண்டும். பிப்ரவரி முதல் மே வரை பெங்களூரில் காற்றும் வெயிலும் உலர்த்தும், ஏப்ரல் உச்சம். அப்போது பெயர்த்தால் இலை இழக்கும் நீரை வேரால் ஈடுகட்ட முடியாது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கி, வானம் மூடி, நான்கைந்து நாள் தொடர்ந்து வெயில் முகம் காட்டாத வாரம் வரும். அதுதான் ஏற்ற வாரம். அதிலிருந்து அக்டோபர் வரை மழை துணையிருக்கும்.

முறை இது. தண்டின் குறுக்களவைப்போல் பத்து முதல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்கு மண்ணுருண்டை வேண்டும். என் கன்றின் தண்டு மூன்று சென்டிமீட்டர். எனவே ஓரடி அல்லது சற்றுக் கூடுதல். பெயர்ப்பதற்கு ஆறு வாரம் முன்பே அந்த வட்டத்தில் கூர்மையான மண்வெட்டியால் பாதிச் சுற்றை வெட்டிவிட்டால், வெட்டிய முனைகளில் புதிய சல்லிவேர்கள் உருண்டைக்குள்ளேயே முளைத்திருக்கும். பெயர்க்கும் நாளில் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கவாத்து செய்து, உருண்டையை ஈரச் சாக்கில் இறுகக் கட்டி, தண்டைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கைகொடுத்து எடுக்க வேண்டும். புதிய குழியில் பழைய மண்மட்டத்துக்கு ஒரு விரற்கடை உயரமாகவே நட வேண்டும், ஏனெனில் மண் பிறகு அமுங்கும். ஒரு மாதம் நிழல்வலை வேண்டும். இலைகளில் பாதி உதிர்ந்தாலும் திகைக்க வேண்டாம். காய்ந்த இலை உதிர்வது நல்ல அறிகுறி, காய்ந்தும் உதிராமல் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதுதான் கிளை இறந்ததன் அறிகுறி.

எங்கள் மனையில் மாற்றிடமாக இருந்தது தெற்கே வாசற்கதவை ஒட்டிய சிறு பாத்தி. ஆறு மணி நேர வெயில். குழி எடுத்துப் பார்த்தபோது இரண்டு அடிவரை கலப்பில்லாத செம்மண். தரையடித் தொட்டியிலிருந்து எட்டு அடி தள்ளி. அங்கே ஓர் அரளி நின்றிருந்தது. அதை இழக்க வேண்டும் என்பதும் இந்த வழியின் விலையில் சேரும்.

தொட்டிக்கு மாற்றுவதைப் பற்றிப் பலர் ஆர்வத்துடன் சொல்கிறார்கள். இதன் பலம், மண்ணும் நீரும் வெயிலும் முழுக்க நம் கையில் இருப்பது. மாடியில் எங்கு வெயிலோ அங்கே நகர்த்தலாம். வாடகை வீட்டில் இருப்பவருக்கும் தரையெல்லாம் சிமென்ட் பூசிய வீட்டுக்காரருக்கும் இது ஒன்றுதான் வழி. அவர்கள் தயங்க வேண்டாம். ஆனால் தரையில் நான்கு ஆண்டு ஓடிய வேரைப் பதினெட்டு அங்குலத் தொட்டிக்குள் அடக்குவது, இடம் மாற்றுவதைவிடக் கூடுதலாக வேரை அறுப்பதாகும். இடர் குறையவில்லை, கூடியிருக்கிறது. பிறகு வாழ்நாள் முழுவதும் வேலை உண்டு. ஏப்ரலில் அன்றாடம் நீர். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுத்து ஓரத்து வேரைச் சீவி மண் மாற்றுவது. வெளியூர் போனால் யாரையாவது வேண்டிக்கொள்வது. செம்மண்ணோடு தென்னை நார்த்தூள் கலப்பவர்கள் அதை இரண்டு மூன்று முறை நீரில் அலசி உப்பைப் போக்கிய பிறகே கலக்க வேண்டும். இல்லாவிட்டால், உப்புக்குத் தப்பி வந்த கன்றை மீண்டும் உப்பில் நடுவது போலாகிவிடும். இளம் புதுக் கன்றுக்குத் தொட்டி நல்ல வீடு. தரையில் வளர்ந்து நலிந்த கன்றுக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

புதுக் கன்று வைப்பதில் செலவு சில நூறு ரூபாய்தான். லால்பாக்கில் உள்ள நாற்றங்கால் கூட்டுறவுச் சங்கத்திலோ ஹேசரகட்டாவிலோ நம்பகமான கன்று கிடைக்கும். இழப்பது காலம். எலுமிச்சையில் விதைக்கன்று காய்க்க நான்கைந்து ஆண்டு ஆகும். ஒட்டுக்கன்றோ பதியமோ மூன்றாம் ஆண்டிலேயே பூக்கலாம். ஆகவே ஐந்தாம் ஆண்டில் நிற்கும் கன்று தேறிவிட்டால் அடுத்த ஆண்டே காய்க்கக்கூடும். அதைப் பிடுங்கி ஒட்டுக்கன்று வைத்தால் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். தேறாத கன்றோடு இரண்டு ஆண்டு போராடித் தோற்றால் அந்த இரண்டும் கூடுதல் இழப்பு. அதனால்தான் முயற்சிக்கு முன்கூட்டியே ஒரு கெடு வைத்துக்கொள்வது நல்லது என்கிறேன். கன்று வாங்கும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேல் அரை அடியாவது உயரத்தில் உள்ளதா, அதற்குக் கீழிருந்து முள் மிகுந்த தளிர் கிளம்பாமலும் பையின் அடியில் வேர் சுருளாமலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கழுத்தழுகலால் இறந்த கன்றின் குழியிலேயே புதியதை நடுவது, நோயைத் தட்டில் வைத்துக் கொடுப்பதற்குச் சமம். பூசணம் அந்த மண்ணிலேயே காத்திருக்கும். குறைந்தது ஆறு அடியாவது தள்ளி நட வேண்டும். முப்பதுக்கு நாற்பதில் அந்த ஆறு அடி எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

புதுக் கன்றுக்கு முதல் இரண்டு கோடையும் தவறாமல் நீர் வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 மார்ச்சில் நீர்த் தட்டுப்பாடு முற்றியபோது, தோட்டத்துக்கும் வண்டி கழுவவும் குடிநீரைப் பயன்படுத்தினால் ஐந்தாயிரம் ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்தக் கோடையில் அரிசி கழுவிய நீரும் காய்கறி அலசிய நீரும்தான் எங்கள் கன்றைக் காத்தன. வேர் ஓடிய பழைய கன்று அத்தகைய கோடையைத் தாங்கும். ஓராண்டுக் கன்று தாங்குவது கடினம். புதிதாக வைப்பதென்றால் ஜூனில் வைப்பதே பாதுகாப்பு.

தலையோடு வெட்டிவிட்டால் துளிர்த்துவிடும் என்ற யோசனையும் வந்தது. வேர் நலமாக இருந்து கிளை மட்டும் கெட்ட மரத்துக்கு அது பொருந்தும். வேர் நலிந்த கன்றுக்கு இலைதான் உணவு, அதை வெட்டுவது தீங்கு. காய்ந்த சுள்ளிகளை மட்டும் பச்சை தெரியும் இடம்வரை நறுக்கினேன்.

இவற்றையெல்லாம் வைத்து நான் எடுத்த முடிவு, இரண்டு வழிகளை வரிசையாகச் செய்வது. கழுத்தில் மூன்றில் இரண்டு பங்கு நலமாக இருந்ததால் பிடுங்க மனம் ஒப்பவில்லை, அறிவும் ஒப்பவில்லை. நிழலும் காரையும் இருந்ததால் அங்கேயே விடவும் முடியாது. ஆனால் பிப்ரவரியில் பெயர்த்தால் இறந்துவிடும். எனவே நான்கு மாதம் இருந்த இடத்திலேயே தேற்றி, சல்லிவேரைப் பெருக்கி, ஏப்ரல் கடைசியில் பாதிச் சுற்று வேர்வெட்டி, ஜூனில் வாசலுக்கு மாற்றுவது. அடுத்த பிப்ரவரிக்குள் இரண்டு முழுத் தளிர்ப்பாவது வராவிட்டால் அகற்றிவிட்டு ஒட்டுக்கன்று வைப்பது. வேறு நிலையில் இருந்திருந்தால் முடிவும் வேறாகியிருக்கும். ஓராண்டுக் கன்றாக இருந்து அழுகலும் கண்டிருந்தால் அன்றே அகற்றியிருப்பேன், ஏனெனில் இழக்கும் காலம் குறைவு. நல்ல வெயிலில் நின்று கழுத்து மட்டும் புதைந்திருந்தால் இடத்தைத் தொட்டிருக்கமாட்டேன்.

மார்ச் கடைசியில் முதல் மாற்றம் தெரிந்தது. புதிதாக வந்த இலைகள் முழுப் பச்சையாக இல்லாவிட்டாலும் வெளிறல் குறைந்திருந்தன. புண்ணின் ஓரத்தில் பட்டை உதடு போலத் தடித்து உள்நோக்கி வளரத் தொடங்கியது. அந்தத் தளிரைத் தேடி எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியும் வந்தது. பறவை எச்சம் போலத் தோன்றும் அதன் இளம் புழுக்களை என் மகள் காலைதோறும் இலையோடு பறித்து எடுத்தாள். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து செந்நிறக் கொம்பை நீட்டி நாற்றம் விடும் அந்தப் புழுவைப் பார்க்கவே அவள் சீக்கிரம் எழுந்துகொள்வாள். ஜூன் இரண்டாம் வாரம், மூன்று நாள் விடாமல் தூறிய ஒரு காலையில், நானும் மைத்துனரும் சேர்ந்து கன்றை வாசலுக்கு மாற்றினோம். உருண்டையின் ஓரத்தில் வெள்ளை வேர்கள் எட்டிப் பார்த்தன. இப்போது ஜூலை முடியப்போகிறது. இலைகளில் பாதி உதிர்ந்துவிட்டன. மூன்று கிளைகளில் கடுகளவு மொட்டுகள் பச்சையாகப் பிதுங்கியிருக்கின்றன. நிழல்வலையை இன்னும் எடுக்கவில்லை.

கெடுவுக்குள் தேறாமல் போனால் என்ன செய்வது என்ற கவலைக்கு அம்மாவே ஒரு வழி செய்துவிட்டார். அதே புளியங்குடி மரத்தின் பழத்திலிருந்து எடுத்த விதைகளை, ஊரிலிருந்து வந்தவரிடம் ஈரத்துணியில் பொதிந்து கொடுத்தனுப்பினார். எலுமிச்சை விதையில் பெரும்பாலும் தாய்மரத்தின் திசுவிலிருந்தே முளைக்கருக்கள் உருவாவதால், விதைக்கன்றும் தாயைப் போலவே இருக்கும். ஒரே விதையில் இரண்டு மூன்று முளைகளும் வரும். மே மாதம் எட்டு விதை ஊன்றினேன். ஆறு முளைத்தன, அவற்றில் இரண்டு விதைகளில் இரட்டை முளை. மாடியில் நாற்றுப்பைகளில் எட்டுக் கன்றுகள் விரலளவு உயரத்தில் நிற்கின்றன. அவற்றை ஊன்றும்போது கழுத்து மண்ணுக்கு மேலே தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துத்தான் ஊன்றினேன்.